சந்தனம் பூசிய கிங் பின்

காசிம் பாய் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்களும் கைலிக் கரையும் மட்டும்தான். உள்ளே ஸ்பானர் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை மெல்ல வெளியே நீண்டது. ஆள்காட்டி விரல் நுனியில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுத்த கிரீஸ்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் மோந்து பாரும்மா."

இத்தனை வயதுக்குள் எத்தனையோ பேர் எதையெதையோ மோந்து பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். புளித்த மாவு, திரிந்த பால், புதுச் சோப்பு. கிரீஸை நீட்டியவர் காசிம் பாய் ஒருவர்தான். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து மோந்தேன்.

"என்ன வாசம் அடிக்கி?"

"சந்தனம்."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

"சந்தனம்தான் பாய். லேசா ஜவ்வாது வேற."

வண்டிக்கு அடியிலிருந்து "யா அல்லா" என்று ஒரு குரல். அதன் பின்னால் சிரிப்பு. தரையில் படுத்துக்கொண்டு சிரித்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வண்டியே சிரிப்பது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு ஒட்டுவாரொட்டி. காரணம் தெரியாமலேயே நானும் சிரிக்க ஆரம்பித்தேன். கல்யாணப்பெண் கமலம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பட்டறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் பெரியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த பேப்பரை மடித்தார். நெற்றியில் அன்று காலை பூசிய சந்தனம் வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது.

சென்ற வாரம் டெலிபோன் ஆபீஸ் கதையில் எங்கள் வீட்டுக் காரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். "அந்தக் கார் இருக்கிறதா, போய்விட்டதா? பாதியில் விட்டால் எப்படி?" என்று வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபம் நியாயம்தான். சொல்லிவிடுகிறேன்.

தவளை

அதன் உண்மையான பெயர் ஏதோ இங்கிலீஷ்காரன் வைத்தது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் தவளை. பச்சை நிறம், துருத்திய இரண்டு விளக்குகள், நடுவே வாயை அகலத் திறந்த மாதிரி ஒரு ஜல்லடை. மழைக்காலத்தில் ஸ்டார்ட் செய்தால் சத்தமும் அப்படித்தான் வரும்.

மாஞ்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்த வண்டியை அப்பா வாங்கி வந்தார். அம்மா ஆரத்தித் தட்டுடன் வாசலுக்கு வந்து, வண்டியைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டாளாம். அப்புறம் சமாதானம் ஆகி வந்து எடுத்தாள். தவளையும் மகாலட்சுமிதான் என்று யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் அப்பா மெதுவாக இடத்தைக் காலி செய்துவிடுவார்.

தவளைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் நாற்பதைத் தாண்டினால் சாமி வந்துவிடும். ஸ்டீயரிங் வலதும் இடதுமாக ஆடத் தொடங்கும். முன்சக்கரம் இரண்டும் கோயில் கொடை விழாவில் அருள் வந்த மருளாடி ஆடுவது போல உதறும். அப்பா பதறவே மாட்டார். "சாமி வந்திருச்சு, எல்லாரும் சும்மா இருங்க" என்று சொல்லி வேகத்தைக் குறைப்பார். சாமி மலையேறிவிடும். பாபநாசம் போய்த் திரும்புவதற்குள் நாலைந்து தடவையாவது இறங்கி ஏறும். பின்சீட்டில் இருக்கும் எங்களுக்கு அது வண்டியின் கோளாறு என்றே தெரியாது. எல்லாக் காரும் அப்படித்தான் ஆடும் என்று நினைத்திருந்தோம். முதல் முறையாக வேறொருவர் காரில் போனபோது, "இதுக்கு எப்பப்பா சாமி வரும்?" என்று கமலம் கேட்டு மானத்தை வாங்கினாள்.

கமலம் என் தங்கை. கணக்கு வாத்தியார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே ஐம்பதைத் தாண்டினவள். சீவலப்பேரிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவாள். அதே பஸ்ஸில் வேலாயுதம் என்று ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர், நெல் வயல், கிணறு, பம்புசெட் என்று இருப்பவர். தினமும் இவளுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருப்பார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசியில் அவளே கேட்டுவிட்டாளாம்: "எனக்குச் சீட்டு மட்டுந்தான் பிடிச்சு வைப்பீயளா?" இந்த ஒரு கேள்வியில் கல்யாணம் முடிவாயிற்று. இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை, பெருமைதான் இருந்தது.

அண்ணன் போட்ட கெடு

கல்யாணம் சீவலப்பேரியில், மாப்பிள்ளை வீட்டில். கமலம் ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். நகை வேண்டாம், மேளம் வேண்டாம், தவளையைத் தானே ஓட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

பெரியண்ணன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அவர் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் ஓய்வு கொடுத்ததே தவிர அவர் துறைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. வீட்டில் சாம்பாரா ரசமா என்று பேச்சு வந்தாலும், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். முதல் ஆட்சேபணை எப்போதும் அவருடையதாகவே இருக்கும்.

"ஏட்டி, அந்த வண்டில கல்யாணப் பொண்ணா? வீலு கழண்டு ஓடுனா நீ தாலிக்கு முந்தி ஆத்துக்குப் போயிருவ."

"கழலாது. கிங் பின்னு மாத்துனா ஆடாது. காசிம் பாய் சொல்லுதாரு."

"அவரு சொல்லுவாரு. போறது நீல்லா?"

குற்றாலம் ரோட்டில் ஒரு ஹோட்டல்காரர் தவளையை விலைக்கு வாங்கி, தன் ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தி, அதற்குள் குரோட்டன்ஸ் செடி வைக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கும் சம்மதம். அந்தப் பேச்சை எடுத்தாலே கமலம் எழுந்து போய்விடுவாள். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அண்ணன் தீர்ப்புச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலைக்குள் பேட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி பாளையங்கோட்டை போய்த் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங் ஆடக் கூடாது. ஆடவில்லை என்றால் அவளே ஓட்டிப் போகலாம், வண்டியும் அவளுக்கே. ஆடினால் ஏசி வண்டியில் கல்யாணம், தவளைக்குள் குரோட்டன்ஸ்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார்.

"இல்லை" என்றாள் கமலம், பல்லைக் கடித்துக்கொண்டு.

காயலிலிருந்து ஒரு பேரீச்சம்பழ டப்பா

கிங் பின் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கதவுக்குக் கீல் இருப்பது போல, முன்சக்கரம் திரும்புவதற்கு ஒரு ஆணி இருக்கிறது. அதுதான். கட்டைவிரல் தடிமன், ஒரு சாணுக்கும் குறைவான நீளம், சக்கரத்துக்கு ஒன்று. அந்த ஆணி ஆட்டமில்லாமல் திரும்ப, அதன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஒவ்வொரு உலோக வளையம். அதற்குப் பெயர் புஷ். ஆணி தேய்ந்தாலோ புஷ் தேய்ந்தாலோ சக்கரத்துக்குச் சாமி வரும். எங்கள் தவளைக்கு இரண்டும் தேய்ந்திருந்தன.

பேட்டையில் காசிம் பாயின் லேத் பட்டறை. ஆள் குட்டை, குரல் நெட்டை. தன் வேலையைத் தானே புகழ்ந்துகொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. பழைய பின்னைக் கழற்ற மட்டும் இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, சம்மட்டியால் அடித்து, இடையிடையே அதன் வம்சத்தையே திட்டினார். கடைசியில் வந்து விழுந்த ஆணியைப் பார்த்தால், இரண்டு முனையும் தேய்ந்து நடு மட்டும் தடித்து, சேலை கட்டத் தெரியாத என்னைப் போலவே இருந்தது.

புதுப் பின் எங்கே கிடைக்கும்? காசிம் பாயின் மச்சான் காயல்பட்டினத்துக்காரர், துபாயில் வேலை. பழைய கார்ச் சாமான் விற்கும் கடை ஒன்றில் தேடிப் பிடித்து, லீவில் வரும்போது கொண்டு வந்தார். இரண்டு பின், நாலு புஷ். பேரீச்சம்பழ டப்பாவுக்குள் ஒரு குழந்தையின் காலுறையில் சுற்றி வைத்திருந்தார். காலுறைக்குப் பக்கத்தில் அத்தர் குப்பி. டப்பாவைத் திறந்ததும் எங்கள் வீட்டுக் கூடமே காயல்பட்டினத்துக் கல்யாண வீடு போல மணத்தது.

கமலம் பின்னை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி போல் பளபளப்பு. "அக்கா, சில்லுனு இருக்கு" என்றாள். புடவை எடுத்துக் கொடுத்தபோதுகூட அவள் அப்படிச் சொல்லவில்லை.

மூன்று பட்டை

இனிமேல்தான் விஷயம்.

எங்கள் வீட்டில் புது இரும்பு எது வந்தாலும் சாமி முன்னால் வைக்காமல் எடுக்க மாட்டோம். அரிவாள்மணை, தையல் மிஷின், கேஸ் சிலிண்டர், எதுவானாலும் சரி. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கொடுத்த ஏணிக்குக்கூடப் பொட்டு வைத்துவிட்டோம்; திருப்பிக் கொடுக்கும்போது அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அந்த இலாகா பெரியண்ணனுடையது. அவர் பூசினால் ஏனோதானோ கிடையாது. கல்லில் சந்தனக்கட்டையை உரசி, ஜவ்வாது ஒரு சிட்டிகை சேர்த்து, பசை போலக் குழைத்து, மூன்று விரலால் கோடு போட்ட மாதிரி பட்டை இழுப்பார்.

வண்டியின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது. பின்னின் மேல் இல்லை. "வீட்டுக்குள்ள வந்தது வந்துட்டு. அதுக்கு என்ன மரியாதையோ அதைச் செஞ்சிரணும்" என்று சொல்லி, இரண்டு பின்னுக்கும் மேல்முனையில் மூன்று பட்டை, கீழ்முனையில் மூன்று பட்டை, சுற்றி வளைத்துப் பூசினார். நடுவில் குங்குமம். அன்று இரவு சாமி அலமாரியில் இருந்தன. காலையில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. அப்படியே பட்டுத் துணியில் பொதிந்து பேட்டைக்குக் கொண்டு போனோம்.

புதுப் புஷ்ஷின் துளை வேண்டுமென்றே சற்றுச் சிறிதாக இருக்கும். அதைச் சக்கரத்தின் அச்சில் இறுக்கிவிட்டு, ரீமர் என்ற பல் வைத்த கம்பியை உள்ளே விட்டுக் கையால் திருகித் திருகித் துளையை மயிரிழை மயிரிழையாகப் பெரிதாக்குவார்கள். நடுநடுவே பின்னை விட்டுப் பார்ப்பார்கள். பெருவிரலால் அழுத்தினால் பின் இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. துளை சிறிதாக இருந்தால் இன்னும் கடையலாம். பெரிதாகிவிட்டால் போனது போனதுதான்.

காசிம் பாய் துணியைப் பிரித்தார். பட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் மனதில் ஓடியது இதுதான் என்று பிறகு சொன்னார்: சாமி வைத்துக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் போய் என் கையால் அழிப்பதா? வேண்டுமானால் அவர்களே துடைத்துத் தருவார்கள்.

என் மனதில் ஓடியது: பாயே இவ்வளவு மரியாதையாகத் தொடாமல் வைத்திருக்கிறார். நான் போய்த் துடைக்கச் சொன்னால் எவ்வளவு கேவலம்? வேண்டுமானால் அவரே துடைத்துக்கொள்வார், வேலை தெரிந்தவர்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நின்றோம். பின் துடைக்கப்படவே இல்லை.

அவர் ரீமரை ஒரு சுற்றுச் சுற்றுவார், பின்னை விடுவார், இறங்காது. இன்னொரு சுற்று. சந்தனம் உரசிவிடக் கூடாதே என்று பூவைத் தொடுவது போல விடுவார். இன்னொரு சுற்று. கடைசியில் பட்டை ஒரு கீறல்கூட விழாமல் பின் உள்ளே போனபோது, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையோடு பார்த்தார்.

"பாத்தியா? சாமி பட்டை அப்படியே இருக்கு. இந்தப் பேட்டைல எவனாவது இப்படிச் செய்வானா?"

ஒருவனும் செய்யமாட்டான். அது சத்தியம்.

மீண்டும் அந்தக் கிரீஸ்

பின்னைப் பூட்டி, கிரீஸ் அடித்து, சக்கரம் மாட்டி, கமலம் வண்டியை எடுத்தாள். ஆகா! பட்டறையிலிருந்து டவுன் வரை தவளை தாமரை இலைமேல் போவது போலப் போனது. கமலம் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள். பாலத்தை நெருங்கும்போது நாற்பதைத் தொட்டது. சாமி வந்தது. முன்பைவிட மூர்க்கமாக வந்தது. எதிரே வந்த டவுன் பஸ்காரர் வண்டியை ஓரம் கட்டி எங்களுக்கு வழிவிட்டார், கும்பிடாத குறை.

திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றினால், பின் விரலோடு வெளியே வந்துவிட்டது. புஷ்ஷுக்குள் அது கலகலவென்று ஆடியது. அப்போதுதான் அந்தக் கிரீஸ், அந்த வாசம், அந்தச் சிரிப்பு.

கிரீஸ் பட்டதும் சந்தனம் கரைந்து வழிந்துவிட்டது. சந்தனத்தோடு சேர்த்து அளவெடுத்த துளையில் வெறும் பின் மிஞ்சியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை எல்லோருக்கும் தெரியும். இது பிள்ளையாரைக் கும்பிட்டதாலேயே குரங்கான கதை.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் எழுந்து வந்தார்.

"அப்ப என் சந்தனத்தாலதான் வண்டி ஆடுதா?"

"உங்க சந்தனத்தாலயும் என் மரியாதையாலயும் அண்ணாச்சி" என்றார் காசிம் பாய், கையைத் துடைத்தபடி.

கமலம் சிரிப்பதை நிறுத்தினாள். "புஷ்ஷு வேற இருக்கா பாய்?"

"நாலுதாம்மா வந்துது. இனி துபாய்லேருந்து வரணும்னா உங்க அறுபதாங் கல்யாணத்துக்குத்தான் வரும்."

"நீங்களே கடைஞ்சு தர முடியாதா?"

"கடைஞ்சிரலாம். நல்ல கன்மெட்டல் வேணும், செம்பும் வெள்ளீயமும் கலந்தது. இப்ப சந்தைல கிடைக்கிறது எல்லாம் கலப்படம். பத்து மைலு ஓடுனா மாவாப் போயிரும்."

அவள் போய் வண்டியின் மட்கார்டைத் தடவிக்கொண்டு நின்றாள். எங்கள் கமலம் அழுகிற ஜாதி இல்லை. அழாமல் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் அழுகை வரும். குரோட்டன்ஸ் செடி என் கண் முன்னால் இலை இலையாகத் தெரிந்தது.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். நியாயப்படி அவர் ஜெயித்துவிட்டார். ஆனால் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"நானே குழியத் தோண்டிட்டு, நீ விழுந்துட்டன்னு சொல்ல முடியுமாட்டி? சந்தனம் போட்டது நான். அதுக்கு நான் ஓடுதேன். ஆனா ஆடுத வண்டில உன்னை ஏத்த மாட்டேன். கெடு கெடுதான்."

அன்றிலிருந்து அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கன்மெட்டல் என்றால் என்ன என்றே தெரியாதவர், பேட்டைப் பட்டறை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார். ஒரு இடத்தில் பித்தளைக் குழாயைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தார்கள். "என்னவே, ஆபீஸ்ல இருந்தவன்னா இளிச்சவாயன்னு நினைச்சீரா?" என்று அங்கே சண்டை. வீட்டுக்கு வந்தால் வேட்டியெல்லாம் எண்ணெய். மதினிக்கு இத்தனை வருஷத்தில் அவர் வேட்டியில் சந்தனக் கறையைத் தவிர வேறு கறையே தெரியாது. "இந்த வயசுல இதென்ன கோலம்?" என்று அவள் கேட்க, "தங்கச்சி கல்யாணம்லா" என்றார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை; செய்திருந்தால் ஆட்சேபணை வந்திருக்கும்.

கன்மெட்டல் மட்டும் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுத் தட்டு

நிச்சயதாம்பூலத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டோடு வந்தார்கள். பழம், பூ, மஞ்சள், புடவை, கல்கண்டு. எல்லாத் தட்டிலும் சந்தனமும் குங்குமமும். கடைசித் தட்டைச் சிவப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அதை மாப்பிள்ளையின் அக்கா இரண்டு கையாலும் தாங்கி, இடுப்பை ஒடித்துக்கொண்டு தூக்கி வந்தாள். தேங்காய்க்கு அவ்வளவு கனம் ஏது என்று எனக்குச் சந்தேகம்.

கமலம் துணியை விலக்கினாள்.

உள்ளே, வெற்றிலை பரப்பி, அதன் நடுவே ஒரு உலோக உருளை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் செம்பொன் நிறத்தில் மின்னியது. வேலாயுதம் எப்போதோ பம்புசெட்டுக்குப் புஷ் கடைய வாங்கி, மிச்சத்தைக் கிணற்றடி ஷெட்டில் போட்டு வைத்திருந்த கன்மெட்டல். முழுக் கட்டி. நாலு புஷ் கடைந்தாலும் மிச்சம் வரும்.

"எல்லாத் தட்டுக்கும் சந்தனம் வச்சேன்" என்றாள் அந்த அக்கா, மூச்சு வாங்கியபடி. "இதுக்கு வைக்கப் போனா தம்பி கையப் பிடிச்சுக்கிட்டான். இதுக்கு மட்டும் வேண்டவே வேண்டாங்கான். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டங்கான், நின்னு சிரிக்கான்."

கூடத்தின் மூலையில் வேலாயுதம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. கமலம் போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். புடவைத் தட்டை யாரும் பார்க்கவே இல்லை. அந்த நிமிடம்தான் அவள் முகம் கல்யாணப்பெண் முகம் ஆயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். யார் எவர் என்று பார்க்காமல் எல்லோர் வாயிலும் கல்கண்டைத் திணித்துக்கொண்டு திரிந்தேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் நாலு புஷ் கடைந்து ஒரு கல்யாணம் செய்யப் புறப்பட்டோம்.

ஒரு சொம்புத் தண்ணீர்

இந்த முறை பின்னைச் சுத்தம் செய்யும் பொறுப்பை அண்ணன் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. முதலில் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். அப்புறம் மண்ணெண்ணெய். பிறகு வேட்டித் துணியால் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் மண்ணெண்ணெய். "அண்ணாச்சி, அது பச்சைப்பிள்ளை இல்ல, இரும்பு" என்று காசிம் பாய் கையிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று.

லேத்தில் கன்மெட்டல் சீவல் சீவலாகச் சுருண்டு விழுந்தது. புஷ் தயாராகி, அச்சில் இறுக்கி, ரீமரைத் திருகத் தொடங்கினார். ஒரு சுற்று, பின், இறங்கவில்லை. இன்னொரு சுற்று. அண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "போதும் பாய், போதும் பாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வே, பைய இரும்வே! அளவு தப்பிரும்லா?"

கடைசியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். பின் மெல்ல இறங்கியது. உள்ளிருந்த காற்று 'ஸ்ஸ்' என்று பெருமூச்சுப் போல வெளியேறியது.

"கேட்டுச்சா? காத்துக்கே இடம் இல்லாம முண்டிக்கிட்டு வெளிய வருது. இதுதாம்மா அளவு."

கல்யாணத்துக்கு முந்தின நாள், மத்தியான வெயில் தாழ்ந்ததும் பரீட்சை. கமலம் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில், பின்சீட்டில் அண்ணனும் காசிம் பாயும். அண்ணன் மடியில் விளிம்பு தட்டத் தண்ணீர் நிறைத்த ஒரு பித்தளைச் சொம்பு.

"இது எதுக்கு?" என்றேன்.

"வண்டி ஆடுனா தண்ணி சிந்தும். எல்லாத்துக்கும் ஒரு ஆதாரம் வேணும்லா?"

தவளை புறப்பட்டது. முதல் வேகத்தடையிலேயே சொம்பில் பாதி அண்ணன் மடிக்கு வந்துவிட்டது.

"இது ரோட்டுக் குத்தம்! கணக்குல வராது!" என்று கத்தினாள் கமலம்.

"வராது, வராது. நீ பாத்து ஓட்டு."

பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது, ஈரக்காற்று முகத்தில் அடித்தது. முள் முப்பதைத் தாண்டியது. முப்பத்தைந்து. நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது. கமலத்தின் கைகள் ஸ்டீயரிங்கில் இறுகின. நாற்பத்தைந்து.

சாமி வரவில்லை.

எங்கள் சிறுவயது முழுக்க ஆடிக்கொண்டிருந்த அந்த ஸ்டீயரிங், பூஜையறைச் சாமிபடம் போல அசையாமல் இருந்தது. கமலம் "ஏ!" என்று ஒரு கூச்சல் போட்டாள். நானும் போட்டேன். காசிம் பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பாலத்தில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம், "நான் கடைஞ்ச புஷ்ஷுங்கேன்!" என்று அறிவித்தார்.

பாளையங்கோட்டையில் வண்டியைத் திருப்பும்போது நான் பின்னால் பார்த்தேன். அண்ணன் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருந்த தண்ணீர் சிந்தாமல் இருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்தார். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஆட்சேபணை இல்லை" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை.

நாலு எலுமிச்சம்பழம்

மறுநாள் காலை, வாசலில் தவளை மாலையும் வாழைக்குலையுமாக நின்றது. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கமலம் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். தெருவே கூடி நின்றது. ஹோட்டல்காரர்கூட வந்திருந்தார், பரிசாக ஒரு குரோட்டன்ஸ் தொட்டி கொண்டு வந்திருந்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் வந்தார். கையில் கிண்ணம் நிறையக் குழைத்த சந்தனம்.

அவர் நேராக வண்டியை நோக்கி நடந்தார். வெள்ளைச் சட்டையும் புதுக் கைலியுமாக வந்திருந்த காசிம் பாய் ஒரே பாய்ச்சலில் முன்சக்கரத்துக்கு எதிரே போய்க் கையை விரித்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி! ஒம்ம கால்ல விழுதேன். சக்கரத்துக்கு வேண்டாம்!"

அண்ணன் அவரைப் பார்த்தார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, நிதானமாக அவர் கையில் சந்தனம் வைத்தார். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"கையக் காட்டுட்டி."

கமலம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து இரண்டையும் நீட்டினாள். அண்ணன் பட்டை போடவில்லை. கோடு பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, முழங்கை வரை அள்ளி அள்ளிப் பூசினார். பூசும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் சந்தனம்.

"பாத்துப் போ. நாற்பதுக்கு மேல வேணும்னாலும் போ" என்றார்.

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. தவளை நகர்ந்தது. நான் பின்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். தெருமுனை வரை அண்ணனும் காசிம் பாயும் வண்டியோடு ஓடி வந்தார்கள், முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடியே.

சீவலப்பேரி ரோட்டில் இரண்டு பக்கமும் வயல். கமலம் அறுபதில் போனாள்.

தவளை இப்போதும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு அவள் அதில்தான் போகிறாள்; வேலாயுதத்துக்குத் தினமும் ஜன்னல் சீட். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால், ஸ்டீயரிங்கின் விரல் பள்ளங்களிலிருந்து சந்தன வாசம் இன்னும் லேசாக வருகிறது. கிங் பின்னில் கிரீஸ் மட்டும்தான்.